மானம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

1896இல் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகையின் மேல் வழக்குப் போட்டார்கள். பத்திரிகையின் பெயர் ‘பறையன்’. ஆசிரியர் இரட்டைமலை சீனிவாசன். வழக்குக்குக் காரணமாகக் காட்டப்பட்டது ஆசிரியருக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம். கோர்ட்டு அவருக்கு 100 ரூபாய் அபராதம் விதித்தது.

அடுத்த வருஷம், 1897இல், பம்பாயில் திலகர் மேல் ராஜத்துரோக வழக்கு நடந்தது. பதினெட்டு மாதம் தண்டனை. இந்த வழக்கு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். முந்திய வழக்கைப் பற்றித் தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு வகுப்பறையில் ஒருவரும் சொல்லவில்லை. இதழியல் வரலாறு என்று பாடம் இருந்தது. அதில் ‘சுதேசமித்திரன்’ இருந்தது, ‘இந்தியா’ இருந்தது, 1908இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானது இருந்தது. ‘பறையன்’ இல்லை. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இல்லை.

இது ஏதோ மறந்துபோனது என்று நான் நினைக்கவில்லை. இந்த நாட்டில் பேச்சுரிமையின் வரலாற்றைச் சர்க்காருக்கும் தேசபக்தனுக்கும் நடந்த சண்டையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தச் சண்டையின் சட்டப்பிரிவு 124ஏ. ஆனால் சேரியிலிருந்து ஒருத்தன் வாயைத் திறந்தால் அதை அடைக்க வைஸ்ராய் வரவேண்டியதில்லை. பக்கத்துத் தெருக்காரன் போதும், ஊர்ப் பெரியதனம் போதும். “என் மானத்தை வாங்கிட்டான்” என்று ஒரு மனு போட்டால் போதும். அந்தச் சண்டைக்கான பிரிவு 499. நம்முடைய பேச்சுரிமை வரலாற்றை அந்தப் பிரிவிலிருந்துதான் எழுதத் தொடங்கவேண்டும் என்பது என் கருத்து.

*

‘பறையன்’ 1893 அக்டோபரில் மாத இதழாகத் தொடங்கி, சீக்கிரமே வார இதழாகி, 1900 வரை வந்தது. அதற்கு முன்பே, 1885இல் ‘திராவிட பாண்டியன்’ வந்திருக்கிறது. இந்தியாவிலும் ஐ.சி.எஸ். பரீட்சை நடத்தவேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, அப்படி நடந்தால் எங்கள் தலைமேல் யார் அதிகாரியாக வந்து உட்காருவார் என்று எங்களுக்குத் தெரியும் என்று எதிர் மனு அனுப்பியவர் சீனிவாசன். அப்படிப்பட்டவரின் பத்திரிகைக்குப் பகைக்கா பஞ்சம்?

ஒன்றைக் கவனிக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த சமூகத்தில், பத்திரிகைக்கு ஒருவர் கடிதம் எழுதினால் அது அவர் ஒருவருடைய கடிதம் இல்லை. ஒரு தெருவே கூடி உட்கார்ந்து சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவர் எழுதியதாக அது இருக்கும். தாசில்தாரிடம் போனால் மனு, பத்திரிகைக்குப் போனால் கடிதம். நம்முடைய இதழ்களில் கடிதப் பகுதி என்பது பக்கம் நிரப்புகிற சமாச்சாரமாக ஒருபோதும் இருந்ததில்லை. பஞ்சாயத்தில் நிற்க இடம் கிடைக்காதவர்களுக்கு அதுதான் பஞ்சாயத்து. அந்தக் கடிதத்தைத்தான் கோர்ட்டுக்கு இழுத்தார்கள் என்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

*

இனி அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். வக்கீல்களுக்கு மட்டும் விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை இது.

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி 1862 ஜனவரி 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. 1837இல் மெக்காலே தலைமையில் தயாரித்த வரைவில், சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் அவதூறு இல்லை என்றுதான் இருந்தது. சட்டமாக வெளியே வந்தபோது உண்மை மட்டும் போதாது என்றாகிவிட்டது. உண்மையாகவும் இருக்கவேண்டும், அதைச் சொல்வது பொது நன்மைக்காகவும் இருக்கவேண்டும். எது பொது நன்மை என்று யார் முடிவு செய்வது? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். அந்த நாற்காலியில் அன்று யார் உட்கார்ந்திருப்பார் என்று பயந்துதான் சீனிவாசன் ஐ.சி.எஸ். பரீட்சையை எதிர்த்து மனுவே போட்டார்.

அந்தப் பிரிவில் நான்காவது விளக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சொல் எப்போது ஒருவரின் மதிப்பைக் குலைக்கிறது என்று அது சொல்கிறது. அவருடைய ஒழுக்கத்தையோ அறிவையோ தாழ்த்தினால், அல்லது அவருடைய சாதியைப் பொறுத்தோ தொழிலைப் பொறுத்தோ பிறர் பார்வையில் அவரைத் தாழ்த்தினால். ஆமாம் தோழர்களே, சாதி! சட்டப் புத்தகத்திலேயே அந்தச் சொல் இருக்கிறது. 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் பழைய தண்டனைச் சட்டத்தை எடுத்துவிட்டு பாரதிய நியாய சன்ஹிதாவைக் கொண்டுவந்தார்கள். 499, 500 எல்லாம் 356 ஆகிவிட்டது. இரண்டு வருஷம் வரை வெறுங்காவல் என்பதோடு சமுதாய சேவை என்ற தண்டனையும் சேர்ந்தது. ‘சாதியைப் பொறுத்து’ என்ற சொல் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இதன் பொருள் என்ன? சாதியால் ஒரு மதிப்பு உண்டு, அதை யாராவது குறைத்தால் அது நஷ்டம் என்பதுதானே. மேலே இருப்பவனைக் கீழே இறக்கிப் பேசினால் நஷ்டம் உண்டு. ஏற்கெனவே கீழே தள்ளி வைக்கப்பட்டவனை அதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ‘தாழ்த்தியது’ எங்கே இருக்கிறது? பிராமணனைப் பார்த்து ‘பறையன்’ என்றால் அவதூறு. பறையனைப் பார்த்துச் சொன்னால் வெறும் விவரம். இந்தத் தர்க்கத்தின் நெற்றியில்தான் சீனிவாசன் அதே பேரைப் பத்திரிகைக்குப் பேராக எழுதி ஒட்டினார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பழைய 501, 502 பிரிவுகளின்படி, அவதூறு என்று தெரிந்தே அச்சடித்தவருக்கும், அதை விற்றவருக்கும் தண்டனை உண்டு. எழுதியவர், அச்சுக்கோத்தவர், கடையில் தொங்கவிட்டவர் என்று சங்கிலி நீள்கிறது. பணக்காரப் பத்திரிகைக்குச் சொந்த வக்கீல் இருப்பார். நமக்குச் சொந்த அச்சகம்கூட இருக்காது.

*

இதே சட்டத்தை நம்மவர் ஒருவர் எதிர்கொண்டு ஜெயித்த வரலாறும் உண்டு. 1925இல் தினகர்ராவ் ஜவள்கர் மராத்தியில் ‘தேசாச்சே துஷ்மன்’ என்று ஒரு நூல் எழுதினார். தேசத்தின் பகைவர்கள் என்று பொருள். பிராமண ஆதிக்கத்தையும், அதன் நாயகர்களாகக் கொண்டாடப்பட்டவர்களையும் கடுமையாகத் தாக்கிய நூல். புனேயில் அவதூறு வழக்குப் போட்டார்கள். கேசவராவ் ஜெதே, ஜவள்கர், கேசவராவ் பாகடே ஆகிய பிராமணரல்லாத இயக்கத்தவர்களுக்காக 1926இல் வாதாடி ஜெயித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். லண்டனிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

ஒரு சாதியின் அதிகாரத்தை விமர்சிப்பது வேறு, ஒரு தனி ஆளின் பேரைக் கெடுப்பது வேறு. இந்த வேறுபாட்டை அழிப்பதில்தான் ஆதிக்கத்தின் சூட்சுமம் இருக்கிறது. சாதியைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி என்று ஒருத்தன் கிளம்புகிறான். அவனைச் சொன்னால் எங்க சாதியையே சொல்லிட்டான் என்று ஊரே கிளம்புகிறது.

அம்பேத்கருக்கு இது புதிதல்ல. 1920இல் அவர் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட ‘கேசரி’ மறுத்தது. ராஜத்துரோக வழக்குகளைத் தாங்கி நின்ற அதே ‘கேசரி’தான்.

*

சில வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் நடத்திய சிற்றிதழில் ஒரு சேரியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரசுரித்தோம். சுடுகாட்டுக்குப் போகிற பாதையில் ஒருவர் முள்வேலி போட்டுவிட்டார். அவர் முன்னாள் ஊராட்சித் தலைவர். பிணத்தைத் தூக்கிக்கொண்டு சேற்று வயலில் இறங்கிப் போகவேண்டியிருந்தது. கடிதத்தில் அதைத்தான் எழுதியிருந்தார்கள். பதினைந்தாவது நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மன்னிப்புக் கேட்டு அதே அளவில் வெளியிடவேண்டும், மூன்று லட்சம் நஷ்ட ஈடு தரவேண்டும், தவறினால் கிரிமினல் வழக்கு.

எங்களிடம் புல வரைபடத்தின் நகல் இருந்தது. கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு கொடுத்து வாங்கிய ரசீது இருந்தது. அதையெல்லாம் வைத்துப் பதில் அனுப்பினோம். வழக்கு வரவில்லை. ஆனால் நோட்டீஸ் செய்யவேண்டிய வேலையைச் செய்துவிட்டது. அச்சக உரிமையாளர் அடுத்த இதழை அடிக்க மாட்டேன் என்றார். “கோவிச்சுக்காதீங்க தோழர். எம்பேரையும் நோட்டீஸ்ல சேத்துருக்காங்க. நான் பொழப்ப பாக்கணும்.” கடிதத்தில் கையெழுத்துப் போட்ட இரண்டு குடும்பத்தை அந்தப் போகத்துக்கு நடவுக்கும் கூப்பிடவில்லை, அறுப்புக்கும் கூப்பிடவில்லை.

நோட்டீஸை அந்தத் தெருவில் படித்துக்காட்டினோம். ‘எமது கட்சிக்காரர் சமூகத்தில் பெற்றிருந்த நற்பெயருக்கும் கௌரவத்துக்கும்’ என்று வரும் இடத்தில் ஒரு பெரியம்மா நிறுத்தச் சொன்னார். “ஏம்ப்பா, எம் புருசன் பொணத்த சேத்துல எறக்கி வச்சிட்டு நின்னமே, அன்னிக்கு எங்களுக்குப் போச்சே, அதுக்குப் பேரு என்னா? அதுக்கு யாரு நோட்டீசு வுடுறது?”

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருந்ததா என்று தேடினால், நெடுங்காலம் இல்லை. பழைய 504ஆம் பிரிவு ஒன்று இருந்தது. வேண்டுமென்றே ஒருவரை அவமதித்து, அதனால் அமைதி குலையும் நிலை ஏற்பட்டால் குற்றம். அமைதிக்குத்தான் அங்கே மதிப்பு. அவமதிப்பை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறவனின் வலிக்கு இல்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதைக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றித் திருத்திய 1976இல்தான், தீண்டாமை காரணமாக ஒருவரை அவமதிப்பதும் குற்றம் என்று சேர்த்தார்கள். பிறகு 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். மற்றவர் பார்க்கும்படியான இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் குற்றம் என்றது. சாதிப் பேரைச் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாக எழுதியது 2015ஆம் வருஷத் திருத்தம். ஆக, மேல்சாதியின் மானத்துக்கு 1860இல் சட்டம். நம்முடைய மானத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் காத்திருப்பு.

*

இங்கே நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். நண்பர்களும் கேட்கிறார்கள், எதிரிகளும் கேட்கிறார்கள். “நீங்க பேசினா கருத்துச் சுதந்திரம், நாங்க பேசினா வன்கொடுமையா?”

இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. என் பதில் இதுதான். ஒருவர் செய்ததைச் சொல்வது வேறு, ஒருவர் பிறந்ததைச் சொல்வது வேறு. வேலி போட்டவர் வேலி போட்டார் என்று சொன்னோம். அது அவர் செய்த காரியம். தப்பு என்றால் ஆதாரம் காட்டட்டும், நாமும் திருத்தம் போடுவோம். சாதிப் பேரைச் சொல்லித் திட்டுகிறவன் நாம் செய்த எதையும் பற்றிப் பேசவில்லை. அதற்கு எந்த ஆதாரத்தைக் காட்டி மறுப்பது? பிறப்புக்கு மறுப்புக் கடிதம் எழுத முடியாது.

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். 2024 ஆகஸ்டில், கேரளத்தில் யூடியூப் சேனல் நடத்தும் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை அவர் யார் என்று தெரிந்தே ஒருவர் ஏசிவிட்டால், அது மட்டுமே வன்கொடுமைச் சட்டத்தில் குற்றமாகாது. சாதியின் காரணமாக இழிவுபடுத்தும் நோக்கம் இருக்கவேண்டும் என்றது. இந்தத் தீர்ப்பைச் சாக்காக வைத்துத் தப்பிக்க நினைப்பவர்கள் இருப்பார்கள், அதோடு நாம் சண்டை போடுவோம். ஆனால் நம்மில் பதவிக்கு வந்த ஒருவரைப் பார்த்து, நீ ஏன் இந்தக் கணக்கைக் காட்டவில்லை என்று நம் பிள்ளையே கேட்டால், அதை அவமதிப்பு என்று சொல்லக் கூடாது.

இன்னும் கசப்பான இடம் ஒன்று உண்டு. நமக்குள் நடக்கும் பேச்சு. 1992இல் ‘கருக்கு’ வந்தபோது பாமாவால் சில மாதம் சொந்த ஊருக்குள் போக முடியவில்லை. அவரே சொல்லியிருக்கிறார். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிவிட்டார் என்ற கோபம். பிறகு அதே மக்கள் அந்த எழுத்தைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ஒரு தலித் பெண், வீட்டில் அடித்ததைச் சொன்னாலோ இயக்கத்தில் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னாலோ, “இயக்கத்தோட மானம் போயிரும்மா, கொஞ்சம் பொறுத்துக்க” என்கிறோம். வேலி போட்டவரின் நோட்டீஸில் இருந்த அதே கௌரவம்தான் இதிலும் இருக்கிறது, பேப்பர்தான் வேறு.

ஊர் என்பது தானே ஒரு கோர்ட்டு. அதற்கு 499 தேவையில்லை. 2014இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை. குணா ‘ஊரார் வரைந்த ஓவியம்’ என்ற சிறு நூலை எழுதியதற்காக அவருடைய குடும்பத்தை ஊர்விலக்கம் செய்தார்கள். வாய்தா இல்லை, வாதம் இல்லை, அப்பீல் இல்லை.

*

இன்று கடிதம் தாளில் வருவதில்லை, கைபேசியில் வருகிறது. சட்டம் இங்கே ஒரு விநோதமான காரியம் செய்திருக்கிறது. 2012 நவம்பரில் பால் தாக்கரே இறந்தபோது பால்கரில் இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். ஒருவர் நாலு வரி எழுதினார், மற்றவர் அதற்கு விருப்பம் தெரிவித்தார், அவ்வளவுதான். அந்த மாதிரிக் கைதுகளுக்குப் பயன்பட்ட 66ஏ பிரிவை 2015 மார்ச் 24ஆம் தேதி ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. நல்ல தீர்ப்பு. அதே தீர்ப்பில், பிறர் எழுதுவதைச் சுமந்துசெல்லும் கம்பெனிகள், கோர்ட்டு உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் அதை நீக்கவேண்டும் என்றும் சொன்னது. கோடிக்கணக்கான கடிதங்களைச் சுமக்கும் கம்பெனிக்கு இருக்கும் இந்தக் கவசம், ஒரே ஒரு கடிதத்துக்காக 1896இல் அபராதம் கட்டியவருக்கு இல்லை.

வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர், அதில் இன்னொருவர் போட்ட பதிவுக்கு, தான் அதில் கூட்டுச் சேராதவரை பொறுப்பாக மாட்டார் என்று 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும் 2022இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. ஆனால் வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறவர் தப்ப முடியாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவை 2018இல் பகிர்ந்த எஸ்.வி. சேகர் வழக்கில், பகிர்ந்தவர் அதற்குப் பொறுப்பேற்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஆதிக்கசாதிப் பதிவுகளுக்கு இது பொருந்தும் என்று சந்தோஷப்படும் நம் பிள்ளைகள், விசாரிக்காமல் தாங்கள் தள்ளிவிடும் பதிவுக்கும் இதுவே பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது.

அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று 2016 மே 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலங்கை 2002இலேயே அதை நீக்கிவிட்டது. நமக்கு இந்தச் சட்டத்தைக் கொடுத்த வெள்ளைக்காரன்கூடத் தன் நாட்டில் 2009இல் நீக்கச் சட்டம் செய்துவிட்டான். நாம் இன்னும் வைத்திருக்கிறோம். அதை நீக்கச் சொல்லும் கோரிக்கை பெரிய பத்திரிகைகளின் கோரிக்கையாக மட்டும் இருக்கிறது. அது சேரியின் கோரிக்கையாக ஆகவேண்டும்.

அதுவரைக்கும் நமக்குத் தெரிந்திருக்கவேண்டியவை சில உண்டு. அவதூறுப் புகாரில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறவர் மாஜிஸ்திரேட்டிடம் போகவேண்டும். ஸ்டேஷனிலிருந்து “ஒரு கம்ப்ளைண்ட் வந்துருக்கு, வந்து எழுதிக் குடுத்துட்டுப் போ” என்று கூப்பிட்டால் பயப்படவேண்டாம். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு விதிவிலக்கு உண்டு. ஆகவே முதலில் மனு, அதற்கு ரசீது, பிறகு கடிதம். அரசு ஊழியர் தம் பதவியில் செய்த காரியத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லவும் விதிவிலக்கு உண்டு. நல்லெண்ணம் என்றால் மனசு சுத்தமாக இருப்பது மட்டும் இல்லை. உரிய அக்கறையோடு விசாரித்திருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெரியம்மா சொன்னதை நம்பினால் மட்டும் போதாது. வரைபடத்தின் நகலும் வாங்கி வைக்கவேண்டும். அவர் சொல்லில் சந்தேகப்பட்டு அல்ல, அவர் சொல்லை யாரும் தட்டிவிடாமல் இருப்பதற்காக.

இதையெல்லாம் செய்தாலும் நோட்டீஸ் வரும். வரட்டும். கடிதப் பக்கத்தை மட்டும் மூடாதீர்கள்.